பிள்ளையாருக்கு வச்ச விளாம்பழத்தை தூக்கி போடாதீங்க, ஜூஸ் போட்டு குடிங்க

போன வருஷம் பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு மூணாம் நாள் காலைல குப்பை கொட்ட கீழ போனேன். எங்க அபார்ட்மெண்ட்ல இருக்குற பெரிய டப்பால எருக்கம்பூ மாலை, காஞ்சு போன அருகம்புல்லு, பேப்பர் குடை, நமுத்துப் போன பொரி எல்லாம் கெடந்துச்சு, அதுக்கு நடுவுல விளாம்பழம். ஒடைக்கவே இல்ல, முழுசு முழுசா. எண்ணிப் பாத்தேன், 9 இருந்துச்சு. எனக்கு மனசே கேக்கல. கொழுக்கட்டையும் சுண்டலும் அன்னைக்கே தீந்துருது, வாழைப்பழத்தை யாராவது சாப்பிட்டுருவாங்க, இந்தப் பழத்தை மட்டும் சாமிக்கு வாங்குறதோட நம்ம கடமை முடிஞ்சுதுன்னு விட்டுடுறோம். அதை எப்படி சாப்பிடுறதுன்னே பாதி வீட்ல மறந்து போச்சு. அன்னைலேருந்து இதைப் பத்தி எழுதணும் எழுதணும்னு நெனச்சு இப்பதான் உக்காந்துருக்கேன்.

எங்களுக்கு சொந்த ஊர் சிவகங்கை பக்கம், இப்ப இருக்குறது மதுரைல. அப்பத்தா வீட்டுக்கு பின்னாடி கண்மாய்க்கரை ஓரமா ஒரு விளாமரம் நின்னுச்சு. யாரும் தண்ணி ஊத்தல, உரம் போடல, அந்த வறண்ட மண்ணுல அது பாட்டுக்கு காய்ச்சுச்சு. விளா அப்படித்தான், மானாவாரி பூமி தான் அதுக்கு தோது. எங்க சின்ன வயசுல லீவுக்குப் போனா பாட்டில் கூல்ட்ரிங்க்ஸ் எல்லாம் கெடையாது, வெயில்ல ஆடிட்டு வந்தா அப்பத்தா மண்சட்டில விளாம்பழத்தைக் கரைச்சு வச்சிருக்கும். செம்பு டம்ளர்ல ஊத்தாது, எவர்சில்வர்ல தான் ஊத்தும், புளிப்பு செம்புல பட்டா ஆகாதுன்னு சொல்லும், அது உண்மையும் கூட.

இது பிள்ளையாருக்கு ஏன் போகுதுன்னா, யானைக்கு விளாம்பழம்னா அவ்ளோ இஷ்டம். யானைமுகத்தானுக்கு யானைக்குப் புடிச்சது. அந்த சுலோகம் கேட்டுருப்பீங்க, "கபித்த ஜம்பூ பலசார பக்ஷிதம்"னு வரும்ல, அதுல கபித்தம்னா விளாம்பழம், ஜம்பூன்னா நாவப்பழம். தெனமும் சொல்ற என் மாமியாருக்கே இத நான் சொன்ன அன்னைக்கு தான் தெரிஞ்சுது, அப்படியான்னு கேட்டுட்டு உடனே ரெண்டு பழம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

சரி, பழம் வாங்குறது. இதுல தான் முக்காவாசி பேரு கோட்டை விட்டுடுறாங்க. மாட்டுத்தாவணி பக்கம் ரோட்டோரமா சாக்கு விரிச்சு ஒரு அக்கா விக்கும், அவங்க கிட்ட கத்துக்கிட்டது தான் இது. நான் பாட்டுக்கு நல்லா உருண்டையா பெருசா பாத்து எடுத்துட்டு இருந்தேன். "அதெல்லாம் காய்க்கா, வச்சுட்டு இங்கிட்டு வாங்க"ன்னுச்சு. ஒரு பழத்தை எடுத்து முழங்கால் உயரத்துக்கும் கீழ, ஒரு அடி இருக்கும், அங்கேருந்து சிமெண்ட் திட்டுல விட்டுச்சு. டக்குனு விழுந்து பந்து மாதிரி எம்பிக் குதிச்சுது. "பாத்தீங்களா, துள்ளுது, இது காய்." இன்னொண்ண விட்டுச்சு, அது தொப்புனு விழுந்து அப்படியே உக்காந்துருச்சு. "இது அடங்கிருச்சு, இது பழம்." அவ்ளோதான் விஷயம். அந்த ஓடு ரெண்டுலயும் ஒரே சாம்பல் நெறம் தான், அமுக்கிப் பாக்க முடியாது, தட்டிப் பாத்தாலும் பழகாத காதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால விட்டுப் பாருங்க. கூடவே காம்பு இருந்த எடத்துல மோந்து பாருங்க, பழுத்ததுன்னா ஓட்டைத் தாண்டி வாசனை வரும். அன்னைக்கு 3 பழம் 50 ரூபாய்க்கு வாங்குனேன்.

காயா மாட்டிக்கிச்சுன்னா தூக்கிப் போட வேணாம். ஒரு ரெண்டு வாரம் நல்ல வெயில்ல வச்சு எடுத்தா பழுத்துரும். மொட்டை மாடி இல்லாதவங்க அரிசி டிரம்முக்குள்ள பொதச்சு வைக்கலாம், எங்க அப்பத்தா குலுக்கைல நெல்லுக்குள்ள வைக்கும். ரொம்ப பிஞ்சா இருந்தா பச்சடி பண்ணிடுங்க, இல்ல ஸ்கூல் வாசல்ல விப்பாங்களே அந்த மாதிரி ஒடச்சு உப்பு மொளகாத்தூள் தொட்டுக்குங்க, துவர்ப்பு நாக்கைப் புடிக்கும் ஆனா விட மனசு வராது.

ஒருதடவ வேலை நேரத்துல போக முடியலன்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். வெளிய பாக்க பளபளன்னு ஒரு கீறல் இல்ல. ஒடச்சா உள்ள ஒண்ணுமே இல்ல, கருப்பா தூளு மாதிரி ஓட்டுல ஒட்டிட்டு இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு அந்த பழைய வழக்கு ஞாபகம் வந்துச்சு, "வேழம் உண்ட விளாங்கனி"ன்னு சொல்லுவாங்க. வேழம்னா யானை, யானை பழத்தை முழுசா முழுங்கி ஓடு ஒடையாம வெளிய போடும், உள்ள சதை இருக்காதுன்னு அர்த்தம் சொல்லுவாங்க. இன்னொரு வெளக்கமும் உண்டு, தேங்காய்க்கு தேரை நோய் மாதிரி விளாம்பழத்துக்கு வேழம்னு ஒரு நோய், அது வந்தா மேல ஓடு நல்லா இருக்கும் உள்ள வெறுமையாயிரும்னு. என் கையில இருந்தத பாத்தப்புறம் எனக்கு ரெண்டாவது வெளக்கம் தான் சரின்னு படுது. அதனால கையில எடுத்து கனம் பாத்து வாங்குங்க, சைஸுக்கு ஏத்த கனம் இல்லன்னா வச்சுடுங்க.

இன்னொரு கொழப்பமும் தீத்துடுறேன். யூட்யூப்ல வுட் ஆப்பிள் ஜூஸ்னு தேடுனா வர்றதுல பாதி வில்வப்பழம். வடக்க வெயில் காலத்துல பேல் ஷர்பத்னு ரோட்டுல விப்பாங்களே அது வில்வம், உள்ள மஞ்சளா, வழவழன்னு பசை மாதிரி இருக்கும், புளிப்பு இருக்காது. விளா உள்ள பழுத்தா பிரவுனா, புளியும் வெல்லமும் சேர்த்து வச்ச மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் ஓடு கெட்டி, ரெண்டும் எலுமிச்சை ஆரஞ்சு குடும்பம் தான், இங்கிலீஷ்ல ரெண்டையுமே வுட் ஆப்பிள்னு சொல்லிடுறதால வர்ற வம்பு இது. மரத்தைப் பாத்தா ஈஸியா தெரியும், வில்வத்துக்கு மூணு இலை சேந்து இருக்கும், சிவன் கோயில்ல பாக்குறோம்ல. விளாவுக்கு ஒரு காம்புல 5 இல்லன்னா 7 குட்டி இலை இருக்கும். ஜூஸ் போடுற முறையும் வேற வேற, ஒண்ணுக்கு சொன்ன அளவு இன்னொண்ணுக்கு ஒத்து வராது.

இப்ப ஒடைக்கிறது. வாசப்படி, அம்மி, தரை எதுலயாவது ஓங்கி ஒரு தட்டு, அப்புறம் கொஞ்சம் திருப்பி இன்னொரு தட்டு. கீறல் விட்டதும் ரெண்டு கையால பொளந்துடலாம். கத்தியால வெட்டப் போகாதீங்க, வழுக்கிட்டு கைல ஏறிடும். தெறந்த ஒடனே ஒரு வாசனை வரும் பாருங்க, புளிச்ச மாதிரி, பழைய வெல்ல மண்டிக்குள்ள போன மாதிரி, பழகாதவங்களுக்கு கெட்டுப் போச்சோன்னு தோணும். கெடல, அது தான் அதோட வாசனை. கெட்டுப் போனதுன்னா பூசணம் தெரியும், சாராய நெடி அடிக்கும், அத வச்சு பிரிச்சுக்கலாம். சதை ஈரமா அரக்கு நெறத்துல, நார் நாரா, அதுக்குள்ள வெள்ளையா பொடி வெதைங்க நூத்துக்கணக்குல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஸ்பூனால வழிச்சு எடுத்துக்குங்க. ஒரு கிரிக்கெட் பந்து சைஸ் பழத்துக்கு முக்கா டம்ளர் சதை வரும்.

இங்க தான் நான் பண்ண தப்ப சொல்லணும். கல்யாணம் ஆகி வந்த புதுசுல வீட்டுக்கு வந்தவங்களுக்கு அவசரமா போட்டுக் குடுக்கணும்னு சதையை அப்படியே மிக்ஸில போட்டு ஓட்டிட்டேன். 1 நிமிஷத்துல ஆயிருச்சு. வடிகட்டி குடுத்தா தொண்டையில கரகரன்னு மாவு மாதிரி உக்காருது, கூடவே ஒரு கசப்பு. அந்த வெதை எல்லாம் அரைபட்டு சாறோட கலந்துருச்சு, அதுக்கப்புறம் எத்தன தடவ வடிகட்டினாலும் அது போகாது. அவங்க ஒண்ணும் சொல்லாம பாதி குடிச்சுட்டு வச்சுட்டாங்க, எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு. ஊருக்குப் போன் போட்டு அப்பத்தா கிட்ட சொன்னேன். "மிக்சில போடுற பழமா அது, கையிலதேன் பெசையணும்த்தா, வெதை ஒடையக் கூடாது, தோல் மாதிரி அதும் மேல ஒட்டிருக்குறது மட்டும் எறங்கணும்"னுச்சு.

அதனால கை தான். ஒரு அகலமான பாத்திரம், எவர்சில்வர் இல்லன்னா மண்சட்டி, அலுமினியம் வேணாம். சதையைப் போட்டு 1 டம்ளர் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் அப்படியே ஊற விடுங்க. அவசரப்படாதீங்க, இந்த ஊறுறதுல தான் பாதி வேலை தானா நடக்குது. அப்புறம் கைய கழுவிட்டு புளி கரைக்கிற மாதிரியே, ஆனா அத விட பொறுமையா, விரலுக்கு நடுவுல விட்டு விட்டு பெசையணும். மொதல்ல கட்டி கட்டியா வழுக்கிட்டு ஓடும், கொஞ்ச நேரத்துல தண்ணி கெட்டியாகி மர நெறத்துக்கு வரும், நார் எல்லாம் தனியா விரல்ல சுத்திக்கும். வெதைய தொட்டுப் பாத்தா வழவழப்பு போய் சொரசொரன்னு ஆயிருக்கும், அப்ப சதை எறங்கிருச்சுன்னு அர்த்தம். இத கண்ணால பாத்து சொல்ல முடியாது, விரலுக்கு தான் தெரியும். இப்ப இன்னும் 2 டம்ளர் தண்ணி ஊத்தி கலந்து வடிகட்டணும். டீ வடிகட்டில ஊத்துனா அடைச்சுக்கிட்டு சொட்டு கூட எறங்காது, கண்ணு பெருசா இருக்குற சல்லடை எடுத்துக்குங்க, கரண்டிய வச்சு அழுத்தாம கையால லேசா தேச்சு விடுங்க.

இனிப்புக்கு வெல்லம். 1 பழத்துக்கு 80லேருந்து 100 கிராம் வெல்லம், பழத்தோட புளிப்பைப் பொறுத்து. வெல்லத்தை நேரா போடாதீங்க, அரை டம்ளர் சுடுதண்ணில கரைச்சு, மண்ணு எல்லாம் அடில நிக்கட்டும், வடிகட்டி ஆற வச்சு ஊத்துங்க. சீனி போட்டா இனிப்பா இருக்கும், ஆனா பழத்தோட வாசனையும் சீனியும் ஒட்டாம தனித்தனியா நிக்கும், வெல்லம்னா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிரும். கருப்பட்டி கெடச்சா இன்னும் விசேஷம், என்னோட ஓட்டு கருப்பட்டிக்குத் தான். ஒரு சிட்டிகை உப்பு கண்டிப்பா போடணும், உப்பு போட்டதும் அந்த துவர்ப்பு அடங்கி பழம் முன்னாடி வரும். தட்டுன சுக்கு கொஞ்சம், ஏலக்காய் ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு போதும்னா சுக்கு போடுங்க.

ஐஸ் கட்டிய நெறைய போட வேணாம், ரொம்ப சில்லுன்னு இருந்தா வாசனை தெரியாது. பானைத் தண்ணில கரைச்சா போதும், எங்க வீட்ல அப்படித்தான். ஒரு விஷயம், இத கரைச்சு ஃப்ரிட்ஜ்ல ராத்திரி வச்சுட்டு காலைல பாத்தா கொழகொழன்னு கெட்டியாயிருக்கும், பயந்துடாதீங்க, விளாம்பழத்துல பெக்டின் ஜாஸ்தி, ஜாமும் ஜெல்லியும் போடுறதுக்கு இது நல்லா செட் ஆகுறது அதனால தான். கொஞ்சம் தண்ணி விட்டு கலக்கினா சரியாயிரும். ஆனா ஒரு நாளைக்கு மேல வைக்காதீங்க, சீக்கிரம் புளிச்சுரும்.

"புரட்டாசில பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்"னு சொல்லுவாங்கல்ல, அந்த சொலவடைல வர்ற மொத பாதிக்குன்னே வர்ற பழம் மாதிரி இருக்கும் எனக்கு. ஆவணி புரட்டாசி மத்தியான வெயில் இருக்கே, சித்திரையாவது தயாரா இருப்போம், இது எதிர்பாக்காம அடிக்கும். அந்த நேரத்துக்கு சரியா இது மார்க்கெட்டுக்கு வருது.

மோருல போடுறது பத்தி சொல்லாம விட்டா மனசு ஆறாது. நற்றிணைல ஒரு பாட்டு, பொண்ணு ஒருத்தி தான் விரும்புனவன் கூட வீட்ட விட்டுப் போக இருக்குற விடியக்காலம், அந்த நேரத்துல வீட்ல தயிர் கடையுறாங்க, அந்தத் தயிர்ப் பானை விளாம்பழ வாசனை வீசுதுன்னு அந்தப் பாட்டு ஆரம்பிக்கும். தயிர்ப் பானைக்கு விளாம்பழத்தை வச்சு வாசனை ஏத்துவாங்கன்னு உரைல படிச்சேன். 2000 வருஷத்துக்கு முந்தின அடுப்படி வாசனை! படிச்ச அன்னைக்கே பண்ணிப் பாத்தேன். புளிக்காத மோர் 2 டம்ளர், பெசஞ்சு வடிச்ச விளாம்பழச் சாறு 2 ஸ்பூன், அதுக்கு மேல போனா மோர் திரிஞ்ச மாதிரி ஆகுது, உப்பு, கறிவேப்பிலைய கிள்ளிப் போடலாம். இனிப்பு வேண்டாம். குடிச்சதும் மோர் ருசி தான் மொதல்ல, முழுங்கினப்புறம் மூக்குல விளாம்பழம் வந்து நிக்கும். வெதை, ஓடு எல்லாம் எடுத்த பழத்தோட மிச்ச நாரைக் கூட மோர்ப் பானைல ஒரு மணி நேரம் போட்டு எடுத்துட்டேன், அதுக்கே வாசனை ஏறுது.

இன்னொண்ணு, கூட வேலை பாத்த ஒரு அக்கா வவுனியாக்காரங்க, அவங்க சொல்லிக் குடுத்தது. இலங்கைல இந்தப் பழத்துக்கு நம்ம ஊர விட மவுசு அதிகம், ஜூஸ், ஜாம்னு கடைலயே விக்கும், சிங்களத்துல திவுல்னு பேரு. "தேங்காய்ப்பால் விட்டுக் குடிச்சுப் பாருங்கோ, பிறகு தண்ணி விட்டுக் கரைக்க மாட்டீங்கள்"னு சொன்னாங்க. மொதல் பால், கெட்டியா எடுத்தது அரை டம்ளர், விளாம்பழக் கரைசல் 1 டம்ளர், கருப்பட்டிப் பாகு. பால் விட்டதும் அந்த கருத்த நெறம் மாறி காப்பி நெறத்துக்கு வருது, புளிப்பு மேல ஒரு மெத்து மெத்துன்னு போர்வை போத்துன மாதிரி இருக்கு. இத உடனே குடிச்சுடணும், வச்சா மேல தனியா பிரிஞ்சு நிக்கும். இது தாகத்துக்கு இல்ல, சாயங்கால பசிக்கு, வயிறு நெறஞ்சுரும். என் பொண்ணுக்கு மத்த எதையும் விட இது தான் புடிச்சிருக்கு.

சுகர் உள்ளவங்க ஒண்ணு கவனிங்க, வெல்லம் தானே, கருப்பட்டி தானேன்னு டம்ளர் டம்ளரா குடிக்காதீங்க, அதுவும் சர்க்கரைய ஏத்தத் தான் செய்யும். எங்க அப்பாவுக்கு நான் மோர்ல போட்டு தான் குடுக்குறேன், அவருக்கும் அது பழகிருச்சு.

பழம் நெறைய சேந்துருச்சுன்னா தண்ணி கம்மியா விட்டு கெட்டியா பெசஞ்சு வடிச்சு ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சுடுங்க, வேணும்ங்கிறப்ப 3 கட்டி எடுத்து தண்ணில போட்டா ஒரு டம்ளர் ஆச்சு. ஓட்டையும் போடாதீங்க, பாதியா ஒடஞ்சது ரெண்டு மூணு இருந்தா உள்ள சுத்தமா சொரண்டிக் கழுவி வெயில்ல காய வச்சா கல் மாதிரி இருக்கும், என் பொண்ணு அதுல மண்ணு போட்டு வெந்தயம் மொளைக்க வச்சிருக்கா.

இந்த வருஷம் சதுர்த்திக்கு நம்ம அபார்ட்மெண்ட் குரூப்ல மெசேஜ் போட்டேன், பூஜை முடிஞ்சு விளாம்பழம் வேணாம்னா எங்க வீட்டு வாசல்ல வச்சுடுங்கன்னு. 6 வந்துச்சு. மூணு கரைச்சு குடுத்தவங்களுக்கே திருப்பிக் குடுத்தாச்சு, ரெண்டாவது மாடி ஆன்ட்டி டம்ளர திருப்பித் தர வந்தப்ப அளவு எழுதி வாங்கிட்டுப் போனாங்க. மீதி மூணு மொட்டை மாடில வெயில்ல இருக்கு. நேத்து சாயங்காலம் ஒவ்வொண்ணா தரைல விட்டுப் பாத்தேன், ரெண்டு அடங்கிருச்சு, ஒண்ணு இன்னும் துள்ளுது.